கணினி சொல்லும் மடக்கை



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளின் பெயரைக் கேட்டதுமே, "இது நமக்கு எதற்கு?" என்று சிலர் வானொலியை மூடிவிடக்கூடும். பொருளின் பெயர் மடக்கை. இடைநிலைப்பள்ளியில் படிக்கும் உங்கள் பிள்ளையின் மலாய்ப் பாடநூலில் 'லோகாரித்மா' என்று இருக்கும். பிள்ளைகள் சுருக்கமாக 'லாக்' என்பார்கள். கொஞ்சம் பொறுங்கள். இந்த மடக்கையால் எங்கள் தோட்டத்தில் ஒரு குடும்பம் அறுபதாயிரம் வெள்ளிக் கடனில் கையெழுத்துப் போட இருந்தது. தவறான விடையைச் சொல்ல வைத்ததில் என் பங்கும் இருந்தது. அந்தக் கதையைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் தேவைப்படும்.

முதலில் மடக்கை என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம்.

2-ஐயும் 2-ஐயும் பெருக்கினால் 4. மறுபடியும் 2-ஆல் பெருக்கினால் 8. அதாவது மூன்று 2-களைப் பெருக்கினால் 8 வருகிறது. இப்போது கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். "8 வருவதற்கு எத்தனை 2-களைப் பெருக்க வேண்டும்?" விடை 3. இந்த 3-தான் 8-இன் மடக்கை. ஆனால் சும்மா '8-இன் மடக்கை 3' என்று சொன்னால் போதாது. '2-ஐ அடிமானமாக வைத்தால் 8-இன் மடக்கை 3' என்று சொல்ல வேண்டும். எந்த எண்ணைத் திரும்பத் திரும்பப் பெருக்குகிறோமோ அதற்கு அடிமானம் என்று பெயர். 10-ஐ அடிமானமாக வைத்தால் 1000-த்தின் மடக்கை 3. ஏனெனில் மூன்று 10-களைப் பெருக்கினால் 1000.

அடிமானம் என்ற இந்தச் சொல்லை மட்டும் மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். எங்கள் வம்பெல்லாம் அதை மறந்ததால் வந்தது.

சரி, 10-ஐ அடிமானமாக வைத்தால் 2-இன் மடக்கை என்ன? ஒரு 10-கூட வேண்டாமே, 10-ஐவிட 2 சிறியதாயிற்றே என்பீர்கள். ஆம், அதனால் விடை 1-ஐவிடச் சிறியது. அது 0.3010. என் வயதில் உள்ள ஆசிரியர்களை நள்ளிரவில் எழுப்பிக் கேட்டாலும் இந்த எண்ணைச் சொல்லுவார்கள். நாங்கள் படித்த காலத்தில் தேர்வு மண்டபத்துக்குள் சிஃபிர் புத்தகம் கொண்டு போவோம். நான்கு இலக்க மடக்கை அட்டவணை அதில் இருக்கும். பெரிய பெருக்கல் கணக்கு வந்தால் இரண்டு எண்களுக்கும் மடக்கை பார்த்து, கூட்டி, மறுபடி அட்டவணையைத் தேடி விடை எடுப்போம். பெருக்கலைக் கூட்டலாக்கும் வித்தை அது.

அந்த வித்தையைக் கண்டவர் ஜான் நேப்பியர் என்ற ஸ்காட்லாந்துக்காரர். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கையால் கணக்குப் போட்டு, 1614-ஆம் ஆண்டில் தம் அட்டவணையை வெளியிட்டார். அதைப் படித்து வியந்த லண்டன் பேராசிரியர் ஹென்றி பிரிக்ஸ் மறு ஆண்டே எடின்பரோவுக்குப் பயணம் செய்து அவரைச் சந்தித்தார். ரயிலும் மோட்டாரும் இல்லாத காலம், குதிரைப் பயணம். இருவரும் பேசி, 10-ஐ அடிமானமாக வைத்தால் எல்லாருக்கும் எளிது என்று முடிவு செய்தார்கள். பிரிக்ஸ் 1624-இல் முப்பதாயிரம் எண்களுக்கு, பதினான்கு தசம இடம் வரை, மடக்கை கணக்கிட்டு அச்சிட்டார். எங்கள் சிஃபிர் புத்தகம் அந்த வழியில் வந்த பேரப்பிள்ளை.

இன்று சிஃபிர் புத்தகத்தைப் பிள்ளைகள் பார்த்திருக்கமாட்டார்கள். கணினியில் நிரல் எழுதும்போது, மடக்கை கண்டுபிடிக்கும் கருவி அந்த நிரல்மொழிக்குள்ளேயே தயாராக இருக்கிறது. இப்படித் தயாராக உள்ளவற்றைக் கணிதச் சார்புகள் என்கிறோம். பிள்ளைகள் 'ஃபங்ஷன்' என்பார்கள். அதன் பெயரை எழுதி, அடைப்புக்குறிக்குள் எண்ணைக் கொடுத்தால் போதும். விடை வந்து நிற்கும். உள்ளே பெரிய அட்டவணை வைத்துக்கொண்டு தேடுகிறது என்று நினைக்காதீர்கள். கொடுத்த எண்ணை 2-இன் அடுக்கு ஒன்றாகவும், 1-க்கு அருகில் உள்ள ஓர் எண்ணாகவும் பிரித்துக்கொண்டு, பெருக்கியும் கூட்டியும் ஒரு நொடிக்குள் பதினைந்து பதினாறு இலக்கம் வரை கணக்கிட்டுவிடுகிறது. நேப்பியர் பார்த்திருந்தால் அந்த இருபது ஆண்டுகளை எண்ணிப் பெருமூச்சு விட்டிருப்பார்.

இனிக் கதைக்கு வருகிறேன்.

எங்கள் தோட்டத்தில் மண்டோராக வேலை செய்யும் அண்ணன் ஒருவர். வயது நாற்பத்தொன்பது. அவருடைய மூத்த மகள் என் பழைய மாணவி. இப்போது பட்டணத்து இடைநிலைப்பள்ளியில் படிக்கிறாள். பைத்தன் என்னும் நிரல்மொழியும் பழகுகிறாள். ஒரு வெள்ளிக்கிழமை மாலை அப்பா, அம்மா, மகள் மூவரும் மடிக்கணினியோடு என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

"டீச்சர், ஒரு கணக்கு பார்க்கணும். ஞாயித்துக்கிழமை கையெழுத்து போடணும்" என்றார் அண்ணன்.

விவரம் இதுதான். தோட்டத்து வீடு வேலை உள்ளவரைதான் என்பது நேயர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அண்ணனின் உறவினர் ஒருவர் பட்டண ஓரத்தில் உள்ள தம் பழைய வீட்டைக் கொடுக்க முன்வந்திருக்கிறார். இப்போது கொஞ்சம் முன்பணம். மீதி அறுபதாயிரம் வெள்ளியை ஆறு ஆண்டு கழித்து, அண்ணனுக்கு 55 வயதாகி ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுக்கும்போது, ஒரே தொகையாகக் கொடுத்துவிட வேண்டும். தவறினால் முன்பணமும் போய்விடும், வீடும் போய்விடும். அவர் சேமநிதியில் அன்று இருந்தது முப்பதாயிரம் வெள்ளி. ஆக, முப்பதாயிரம் அறுபதாயிரமாக எத்தனை ஆண்டு ஆகும்? கேள்வி அவ்வளவே.

சேமநிதியின் ஆண்டு ஈவு ஒரே அளவாக இருப்பதில்லை. 2022-க்கு 5.35 விழுக்காடு, 2023-க்கு 5.50, 2024-க்கு 6.30 கொடுத்தார்கள். வழக்கமான சேமிப்புக்குச் சட்டம் உறுதி அளிப்பது 2.5 விழுக்காடுதான். நாங்கள் பேராசைப்படாமல் 5 விழுக்காடு என்று வைத்துக்கொண்டோம். மாதாமாதம் புதிதாகச் சேரும் சந்தாவை அப்போதைக்கு ஒதுக்கி வைத்தோம்.

இந்தக் கணக்குக்கு மடக்கை எப்படி உதவுகிறது? மேட்டில் இருக்கும் லயத்துக்கு ஏறும் படிக்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பணம் ஒவ்வோர் ஆண்டும் 1.05 மடங்காகிறது. மடக்கையில் பார்த்தால் ஒவ்வோர் ஆண்டும் 1.05-இன் மடக்கை அளவுக்கு ஒரு படி ஏறுகிறது. போய்ச் சேர வேண்டிய மேடு இரட்டிப்பு. அதன் உயரம் 2-இன் மடக்கை. மேட்டின் உயரத்தைப் படியின் உயரத்தால் வகுத்தால் எத்தனை படி என்று தெரிந்துவிடும். அதாவது 2-இன் மடக்கையை 1.05-இன் மடக்கையால் வகுக்க வேண்டும். வருவது ஆண்டுகள்.

மகள் இதைச் சட்டென்று புரிந்துகொண்டாள். அவள் விசைப்பலகையில் கை வைத்தபோது நான் முந்திக்கொண்டேன். "2-இன் மடக்கை எனக்கு மனப்பாடம் அம்மா. 0.3010 என்று போடு. 1.05-க்கு மட்டும் கணினியைக் கேள்" என்றேன். ஆசிரியருக்கே உரிய கர்வம், வேறென்ன! அவள் 0.3010 என்று எழுதி, வகுத்தல் குறி போட்டு, எல், ஓ, ஜி என்ற மூன்றெழுத்துச் சார்பை எழுதி, அடைப்புக்குள் 1.05 கொடுத்தாள். திரையில் 6.17 வந்தது.

ஆறு ஆண்டு, இரண்டு மாதம்! அண்ணனின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "ரெண்டு மாசம்தான் டீச்சர் இடிக்குது. சந்தா பணம் சேருதுல்ல, அதுல சரியாயிடும்" என்று எழுந்தே விட்டார். எனக்கும் மகிழ்ச்சி. தேநீர் போட உள்ளே போனேன்.

அண்ணனின் மனைவி மட்டும் எழவில்லை. ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். இருபது ஆண்டுகளாக மரம் சீவுகிறார். வீட்டு வரவு செலவு முழுவதும் அவர் கையில். அவர் விரலை மடக்கிக்கொண்டே கேட்டார்:

"டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. நூறு வெள்ளிக்கு வருசத்துக்கு அஞ்சு வெள்ளி. ஆறு வருசத்துக்கு முப்பது வெள்ளி. வட்டிக்கு வட்டி சேர்த்தாலும் இன்னும் நாலஞ்சு வெள்ளி வருமா? நூறு வெள்ளி எப்படி டீச்சர் வரும்?"

தேநீர்க் குவளையோடு நான் அப்படியே நின்றுவிட்டேன். மகள், "அம்மா, கம்ப்யூட்டர் தப்பா சொல்லாது" என்றாள். நான் அவளை அடக்கிவிட்டு ஒரு தாளை எடுத்தேன். நேயர்களே, நீங்களும் உங்கள் தாளை இப்போது எடுங்கள். முப்பதாயிரத்துக்கு 5 விழுக்காடு 1,500. ஆக முதலாண்டு முடிவில் 31,500. அதற்கு 5 விழுக்காடு 1,575. இரண்டாம் ஆண்டு முடிவில் 33,075. மூன்றாம் ஆண்டு 34,728 வெள்ளி 75 காசு. நான்காம் ஆண்டு 36,465 வெள்ளி 19 காசு. ஐந்தாம் ஆண்டு 38,288 வெள்ளி 45 காசு. ஆறாம் ஆண்டு 40,202 வெள்ளி 87 காசு.

அறுபதாயிரம் எங்கே, நாற்பதாயிரம் எங்கே? ஏறத்தாழ இருபதாயிரம் வெள்ளி குறைகிறது. முப்பதாயிரத்துக்கு வட்டி பத்தாயிரத்து இருநூறு என்றால் நூறு வெள்ளிக்கு முப்பத்து நான்கு வெள்ளி. முப்பதும் நாலஞ்சும் என்று அந்த அம்மா விரலில் மடக்கியது அப்படியே வந்தது.

பிறகு பிழையைத் தேடினோம். கணினியில் பிழை இல்லை. மகள் எழுதியதிலும் எழுத்துப் பிழை இல்லை. நான் சொன்ன 0.3010-உம் சரியான எண்தான். ஆனால் அது 10-ஐ அடிமானமாக வைத்த மடக்கை. கணினி 1.05-க்குக் கொடுத்ததோ வேறோர் அடிமானத்து மடக்கை.

இங்கேதான் நேயர்கள், குறிப்பாக மாணவர்கள், காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும். பைத்தன் மொழியில் எல், ஓ, ஜி என்று எழுதி ஓர் எண்ணை மட்டும் கொடுத்தால் அது 10-ஐ அடிமானமாக எடுத்துக்கொள்வதில்லை. 2.71828 என்று தொடங்கி முடிவில்லாமல் போகும் ஓர் எண்ணை அடிமானமாக வைத்துக்கொள்கிறது. அந்த எண்ணுக்கு 'ஈ' என்று பெயர். அந்த மடக்கைக்கு இயல் மடக்கை என்று பெயர்.

இதென்ன வேண்டாத எண், 10 போதாதா என்று அண்ணனும் கேட்டார். இந்த எண்ணும் வட்டிக் கணக்கில் பிறந்ததுதான். ஒரு வெள்ளிக்கு ஆண்டுக்கு நூறு விழுக்காடு வட்டி என்று வையுங்கள். ஆண்டு முடிவில் 2 வெள்ளி. அதே வட்டியைப் பாதிப் பாதியாக ஆறு மாதத்துக்கு ஒரு முறை சேர்த்தால் 2 வெள்ளி 25 காசு. மாதாமாதம் சேர்த்தால் 2 வெள்ளி 61 காசு. நாள்தோறும் சேர்த்தால் 2 வெள்ளி 71 காசு. நொடிக்கு நொடி சேர்த்தாலும் 2.71828 என்ற எல்லையைத் தாண்டாது. சுவிட்சர்லாந்தின் யாக்கோபு பெர்னூலி பதினேழாம் நூற்றாண்டில் இந்த வட்டிக் கேள்வியைத்தான் ஆராய்ந்தார். பின்னர் ஆய்லர் என்ற கணித மேதை அதற்கு 'ஈ' என்ற எழுத்தை வைத்தார். வளர்வதையும் தேய்வதையும் ஆராய்பவர்களுக்கு இந்த அடிமானம்தான் கைக்கு வாகு. ஆகவே நிரல்மொழிகளை உருவாக்கியவர்கள் இதையே முதல் மடக்கையாக வைத்துவிட்டார்கள்.

இது பைத்தனின் குற்றம் மட்டுமன்று. 1957-இல் வந்த ஃபோர்ட்ரான் தொடங்கி இதே கதைதான். மாணவர்களுக்காகவே 1964-இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் உருவான பேசிக் மொழியிலும் 'லாக்' என்றால் இயல் மடக்கை. சி மொழியிலும் அப்படியே. பாஸ்கல் மொழியை அமைத்த நிக்லாஸ் விர்த்தோ 'எல், என்' என்ற வேறு பெயரைப் பயன்படுத்தினார். என்னைக் கேட்டால் அதுவே நேர்மையான பெயர். ஏன் என்கிறீர்களா? கடையில் வாங்கும் அறிவியல் கணிப்பானைப் பாருங்கள். அதில் 'எல், ஓ, ஜி' என்ற பொத்தானை அழுத்தினால் 10-இன் மடக்கை வரும். 'எல், என்' என்ற பொத்தானை அழுத்தினால்தான் இயல் மடக்கை. தோட்ட அலுவலகத்துக் கிராணி பயன்படுத்தும் எக்செல் அட்டவணையிலும் 'லாக்' என்று எழுதி ஓர் எண்ணை மட்டும் கொடுத்தால் 10-இன் மடக்கைதான் வரும். ஆக, அதே மூன்றெழுத்து கணிப்பானில் ஒன்று, எக்செலில் அதே ஒன்று, பைத்தனில் வேறொன்று. இப்படிப் பெயர் வைத்துவிட்டுப் பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன பயன்?

இதை அண்ணனுக்கு விளக்க நான் ராத்தலையும் கிலோவையும் துணைக்கு அழைத்தேன். முன்னொரு காலத்தில் தோட்டத்தில் ராத்தல் கணக்கில் நிறுத்தார்கள். பிறகு கிலோ வந்தது. ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 2.2 ராத்தல். "அண்ணே, இரண்டு மூட்டை இருக்கிறது. பெரிய மூட்டை சின்ன மூட்டையைப்போல் எத்தனை மடங்கு என்று பார்க்க வேண்டும். இரண்டையும் ராத்தலில் நிறுத்தாலும் சரி, இரண்டையும் கிலோவில் நிறுத்தாலும் சரி, மடங்கு மாறுமா?" என்று கேட்டேன். "எப்படி மாறும்?" என்றார். "பெரிய மூட்டையைக் கிலோவிலும் சின்ன மூட்டையை ராத்தலிலும் நிறுத்தால்?" அவர் சிரித்துவிட்டார். "அது திருட்டுத் தராசு டீச்சர்!"

நான் செய்தது அந்தத் திருட்டுத் தராசு வேலைதான். மேட்டின் உயரத்தை ஓர் அளவுகோலாலும் படியின் உயரத்தை வேறோர் அளவுகோலாலும் அளந்துவிட்டேன். ஓர் எண்ணின் இயல் மடக்கை அதே எண்ணின் 10-அடிமான மடக்கையைப்போல் எப்போதும் 2.3026 மடங்கு. கிலோவுக்கு 2.2 ராத்தல், இதற்கு 2.3. மறக்காமல் இருக்க இது ஒரு வசதி. என் பிழையான விடையான 6.17-ஐ 2.3026-ஆல் பெருக்கிப் பாருங்கள், சரியான விடை கிடைத்துவிடும்.

அது என்ன? மகள் மறுபடியும் எழுதினாள். இம்முறை 2-க்கும் கணினியையே கேட்டாள். கணினி 0.6931 என்றது. 1.05-க்கு 0.0488. வகுத்தால் 14.2. பிறகு 10-அடிமானச் சார்பைப் பயன்படுத்திப் பார்த்தோம். பைத்தனில் 'லாக்' என்ற பெயரோடு 10 என்ற எண்ணையும் ஒட்டி எழுதினால் அந்தச் சார்பு கிடைக்கும். 0.3010-ஐ 0.02119-ஆல் வகுத்தோம். மறுபடியும் 14.2. எந்த அடிமானமானாலும் சரி, இரண்டுக்கும் ஒன்றாக இருந்தால் விடை ஒன்றே. மூன்றாவது வழியும் உண்டு. பைத்தனில் அடைப்புக்குள் முதலில் 2, பிறகு ஒரு காற்புள்ளி, பிறகு 1.05 என்று கொடுத்தால், இரண்டாவது எண்ணை அடிமானமாக எடுத்துக்கொண்டு நேராகவே 14.2 என்று சொல்லிவிடும். வரிசையை மாற்றிக் கொடுத்தால் 0.07 என்று வரும். பதினான்கு எங்கே, சுழியத்துக்குப் பக்கம் எங்கே என்று உடனே சந்தேகம் வர வேண்டும்.

ஆக, பதினான்கு ஆண்டுகளுக்கு மேல். அண்ணனுக்கு அப்போது வயது அறுபத்து மூன்று தாண்டியிருக்கும். தாளில் தொடர்ந்து பெருக்கிச் சரி பார்த்தோம். பதினான்காம் ஆண்டு முடிவில் 59,397 வெள்ளி 95 காசு. பதினைந்தாம் ஆண்டு 62,367 வெள்ளி 85 காசு. அறுபதாயிரம் நடுவில்தான் இருக்கிறது. சட்டம் உறுதி சொல்லும் 2.5 விழுக்காட்டை வைத்துப் பார்த்தால் இருபத்தெட்டு ஆண்டு.

அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அண்ணன் தேநீரைக் குடிக்காமலே கீழே வைத்துவிட்டார்.

மாணவர்களுக்காக இன்னும் சில செய்திகளைச் சொல்லிவிட்டு மறுபடி அங்கே வருகிறேன்.

பைத்தனில் 1000-ஐயும் அடிமானம் 10-ஐயும் 'லாக்' சார்புக்குக் கொடுத்துப் பாருங்கள். 3 என்று வர வேண்டும் அல்லவா? 2.9999999999999996 என்று வரும். கணினி எண்களை இரண்டின் அடிமானத்தில், வரம்புக்குட்பட்ட இலக்கங்களோடு வைத்துக்கொள்வதால் கடைசி இலக்கத்தில் ஒரு மயிரிழை தேய்ந்துபோகிறது. இதில் என்ன நட்டம் என்று விட்டுவிடாதீர்கள். தசமப் பகுதியை வெட்டிவிட்டு முழு எண்ணை மட்டும் எடுக்கும் நிரல் எழுதினால் 3-க்குப் பதில் 2 வந்து நிற்கும். 10-க்கு 'லாக்10' என்ற தனிச் சார்பையும், 2-க்கு 'லாக்2' என்ற தனிச் சார்பையும் பயன்படுத்துங்கள். அவை 1000-க்கு 3 என்றும், 8-க்கு 3 என்றும் ஒழுங்காகச் சொல்லும்.

ஓர் எண்ணில் எத்தனை இலக்கம் என்று பார்க்கவும் 10-இன் மடக்கை உதவும். நூறு 2-களைப் பெருக்கினால் வரும் எண்ணுக்கு எத்தனை இலக்கம்? 0.3010-ஐ நூறால் பெருக்கினால் 30.10. முழுப் பகுதி 30; அதோடு 1 கூட்டுங்கள். 31 இலக்கம். பெருக்காமலேயே சொல்லிவிட்டோம்.

சுழியத்துக்கும், சுழியத்துக்குக் கீழ்ப்பட்ட எண்களுக்கும் இந்தச் சார்பில் மடக்கை கிடையாது. கொடுத்தால் பைத்தன் பிழை என்று சொல்லி நின்றுவிடும். அன்று மகள், "வட்டியே இல்லைன்னா என்ன வரும்?" என்று சுழியம் விழுக்காட்டையும் போட்டுப் பார்த்தாள். 1-இன் மடக்கை சுழியம். சுழியத்தால் வகுக்க முடியாதென்று நிரல் நின்றுவிட்டது. வட்டியில்லாப் பணம் எந்தக் காலத்தில் இரட்டிப்பாகும்?

கணினி இல்லாத வீடுகளுக்கு ஒரு நாட்டு வைத்தியம் உண்டு. 72-ஐ வட்டி விழுக்காட்டால் வகுத்தால் இரட்டிப்பாகும் காலம் ஏறக்குறைய வந்துவிடும். 5 விழுக்காட்டுக்கு 14.4, மடக்கை சொன்னது 14.2. 6 விழுக்காட்டுக்கு 12. மடக்கை சொல்வது 11.9. கணினி எந்த விடை சொன்னாலும் இந்த 72-ஐ ஒரு தடவை பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் அன்று பார்த்திருந்தால் அந்த அம்மா கேட்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்திராது.

மறுபடியும் அந்த மாலைக்கு வருகிறேன். அண்ணன் ஞாயிற்றுக்கிழமை கையெழுத்துப் போடவில்லை. உறவினரிடம் போய், ஆறு ஆண்டில் அறுபதாயிரம் தம்மால் முடியாது என்று நேராகச் சொல்லிவிட்டார். மாதந்தோறும் சேரும் சந்தாவையும் கணக்கில் சேர்த்தால் 55 வயதில் உண்மையில் எவ்வளவு இருக்கும் என்று பார்த்து, அதற்குத் தக்கபடி தவணை பேசுகிறார்கள். பேச்சு இன்னும் முடியவில்லை. மகள் தன் நிரலைத் திருத்திக்கொண்டிருக்கிறாள். சந்தா சேர்ந்தால் வெறும் வகுத்தலில் கணக்கு முடிவதில்லை; ஆண்டாண்டாக ஓட்டிப் பார்க்க வேண்டும். திரையில் வரும் ஒவ்வோர் ஆண்டுத் தொகையையும் அண்ணன் பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றில் பென்சிலால் பெருக்கிச் சரிபார்க்கிறார். மகளுக்கு அது எரிச்சல். நான் அண்ணன் பக்கம்.

புறப்படும்போது அந்த அம்மா என்னைத் தனியே அழைத்தார். "டீச்சர், மாசத்துக்கு நூத்துக்குப் பத்து வட்டின்னு ஒருத்தர்கிட்ட வாங்கி, கட்டாம விட்டா, எத்தனை மாசத்துல ரெண்டு மடங்காகும்?" என்று மெதுவாகக் கேட்டார். யாருக்காகக் கேட்டார் என்று நான் விசாரிக்கவில்லை. 72-ஐப் பத்தால் வகுத்து, "ஏழு மாதம் அம்மா" என்றேன். மகள் அதற்குள் கணினியில் போட்டுவிட்டு உள்ளிருந்தபடியே சொன்னாள்: "7.27, டீச்சர். ரெண்டுக்கும் ஒரே லாக்தான் போட்டேன்."